கல்லாவை விட்டு எழ முடியாதவர்கள்

சென்னையிலோ மதுரையிலோ ஒரு நடுத்தர மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். காலை ஐந்தரைக்கு ஷட்டர் ஏறுகிறது. பால் ட்ரே ஏற்கெனவே வாசலில் இறங்கியிருக்கும். பாக்கெட்டுகளை எண்ணி, ஒழுகுவதைத் தனியே எடுத்து வைப்பதற்குள் முதல் ஆள் வந்து நிற்பார். எட்டு மணிவரை பால், ரொட்டி, தோசை மாவு, கறிவேப்பிலை. பத்து மணிக்கு மேல் கம்பெனி சேல்ஸ்மேன்கள் வருவார்கள். ஸ்கீம் பேச வேண்டும், தேதி முடிந்த சரக்கைத் திருப்ப வேண்டும், போன வாரப் பில்லுக்குப் பணம் தர வேண்டும். சாப்பாடு மூன்று மணிக்கு, வீட்டிலிருந்து வந்த தூக்கில், கல்லாவுக்குப் பின்னால். பாதிச் சோற்றில் எழுந்து, கை கழுவி, ஒரு ஷாம்பு பாக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார வேண்டும். இரவு பத்தரைக்குக் கடை அடைத்த பிறகுதான் பணம் எண்ணுவதும், பற்று நோட்டில் அன்றைய கடனைக் கூட்டுவதும். ஞாயிற்றுக்கிழமையும் இதேதான். சொல்லப்போனால் ஞாயிறு காலைதான் மசாலாவும் எண்ணெயும் நன்றாக ஓடும் நேரம்.

இது நாளுக்குப் பதினேழு மணி நேரம். மதியம் இரண்டு மணி நேரம் மனைவியோ தம்பியோ கல்லாவில் உட்கார்ந்தால் பதினைந்து. ஏழு நாளும் கூட்டினால் நூற்றைந்து. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021 மே மாதம் வெளியிட்ட கூட்டு ஆய்வு, வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம் என்றது. 2016இல் மட்டும் நீண்ட நேர உழைப்பு உலகில் 7,45,000 பேரின் உயிரைக் குடித்தது என்பது அந்த ஆய்வின் மதிப்பீடு. நம் மளிகைக்காரர் திங்கட்கிழமை தொடங்கினால் வியாழக்கிழமை மாலைக்குள் அந்த 55ஐத் தாண்டிவிடுகிறார்.

வேலைக்கும் வாழ்க்கைக்கும் இடையிலான சமநிலை என்று மேடைகளிலும் சுயமுன்னேற்ற நூல்களிலும் பேசுபவர்கள் சிறு தொழில்முனைவோருக்குச் சொல்லும் அறிவுரைகள் ஏறக்குறைய ஒன்றுதான்: வேலையைப் பிரித்துக் கொடுங்கள், முக்கியமானதை முதலில் செய்யுங்கள், மாலை ஏழு மணிக்கு மேல் போனை அணைத்துவிடுங்கள். பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு இது பொருந்தலாம். பதிவு பெறாத தொழில்கள் பற்றிய மத்திய அரசின் 2023-24 கணக்கெடுப்பின்படி, விவசாயம் தவிர்த்த இத்தகைய தொழிலகங்கள் நாட்டில் 7.34 கோடி, அவற்றில் உழைப்பவர்கள் சுமார் 12 கோடிப் பேர். ஒரு கடைக்கு இரண்டு பேர்கூடத் தேறவில்லை. வேலையைப் பிரித்துக் கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? கடைக்காரருக்கு ஓய்வு இல்லாமல் போனதற்குக் காரணம் நேரத்தைத் திட்டமிடத் தெரியாதது என்பதை நான் ஏற்கவில்லை. தன் நாளை ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்து வாழ்பவர் அவர். காரணங்கள் சட்டத்திலும் கடனிலும் போட்டியிலும் குடும்ப அமைப்பிலும் இருக்கின்றன.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். எட்டு மணி நேர வேலை நாளை உலக அளவில் நிலைநாட்டிய 1919ஆம் ஆண்டின் முதல் தொழிலாளர் ஒப்பந்தம், ஒரே குடும்பத்தினர் மட்டும் வேலை செய்யும் தொழிலகங்களுக்குப் பொருந்தாது என்று தன் இரண்டாவது பிரிவிலேயே சொல்லிவிட்டது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் அந்த உரிமையை விரித்த 1930ஆம் ஆண்டு ஒப்பந்தமும் குடும்பக் கடைகளுக்கு விலக்கு அளிக்க நாடுகளை அனுமதித்தது. இந்தியாவின் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் 1923இல் நடத்தியது நம் சென்னையில்தான். அந்தக் கொடி தொழிலாளிக்காக ஏறியது. அது சரிதான், அவனைத்தான் முதலில் காக்க வேண்டியிருந்தது. ஆனால் தனக்குத் தானே முதலாளியும் தொழிலாளியுமாக இருப்பவன் அன்றைக்கே கணக்கிலிருந்து நழுவிவிட்டான்.

1947இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டு இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இந்த இடத்தில் ஒரு நல்ல காரியம் செய்தது. ஊழியருக்கு நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்ததோடு, ஒவ்வொரு கடையும் வாரத்தில் ஒரு நாள் முழுதாக மூடியிருக்க வேண்டும், அது எந்த நாள் என்று கடையில் எழுதி மாட்ட வேண்டும் என்றது. கடையே மூடினால் கடைக்காரரும் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அவருக்காக எழுதப்படாவிட்டாலும் அவருக்கும் கிடைத்த விடுமுறை அது. காலப்போக்கில் விலக்குகள் கூடின, எழுதி மாட்டும் பலகை மறைந்தது. 2016இல் மத்திய அரசு தந்த மாதிரிச் சட்டம் ஆண்டின் 365 நாளும் கடை திறக்கலாம் என்றது. தமிழ்நாட்டில் பத்தும் அதற்கு மேலும் ஊழியர் உள்ள கடைகள் 24 மணி நேரமும் இயங்க 2019இல் மூன்றாண்டு அனுமதி கிடைத்தது. 2022இல் அது மேலும் மூன்றாண்டு நீட்டிக்கப்பட்டது. பெரிய கடையில் ஊழியர் முறை மாற்றி விடுப்பு எடுக்கலாம். அந்தக் கடை விடிய விடியத் திறந்திருப்பதைப் பார்த்து, எதிரே இருக்கும் இரண்டு ஆள் கடை ஒன்பதுக்கு அடைக்க அஞ்சுகிறது.

2021இல் தமிழ்நாடு இந்தச் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. தி.நகர் ஜவுளிக் கடைப் பிள்ளைகளின் வாழ்வை ‘அங்காடித் தெரு’ திரைக்குக் கொண்டுவந்து பதினோரு ஆண்டு கழித்து வந்த உரிமை. மனமார வரவேற்க வேண்டியது. அதே பாணியில் சிறு கடைக்காரரைப் பற்றி ஒரு வரிகூட இதுவரை எழுதப்படவில்லை. பிஎஃப் இருபது பேர் உள்ள இடத்துக்கு, இஎஸ்ஐ பத்துப் பேர் உள்ள இடத்துக்கு. கடைக்காரர் இரண்டிலும் இல்லை. சிறு வணிகருக்கென்று 2019இல் மத்திய அரசு கொண்டுவந்த ஓய்வூதியத் திட்டம், 18 முதல் 40 வயதுக்குள் சேர்ந்தால் 60 வயதுக்கு மேல் மாதம் 3,000 ரூபாய் தரும் என்றது. ஐம்பதைத் தாண்டிய கடைக்காரருக்கு அதில் கதவே இல்லை. இளையவர்களிலும் சேர்ந்தவர்கள் சொற்பம்.

அடுத்து பணம். ஒரு நாள் கடையை மூடினால் அன்றைய லாபம் போகும் என்பதோடு முடிந்தால் பலர் மூடிவிடுவார்கள். மூடாத கடைக்கும் மூடிய கடைக்கும் வாடகை ஒன்றுதான், குளிர்பதனப் பெட்டி ஓடும் கரண்ட் ஒன்றுதான். இவற்றுக்கெல்லாம் மேலே தண்டல் கடன் இருக்கிறது. சந்தைகளிலும் நடைபாதைக் கடைகளிலும் சிறிய மளிகைகளிலும் இன்னும் ஓடுகிற கணக்கு இது: எழுதிக்கொடுப்பது பத்தாயிரம், கையில் வருவது எட்டாயிரத்து ஐந்நூறோ ஒன்பதாயிரமோ, நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மாலையானால் வண்டியில் வந்து, சின்ன அட்டையில் தேதிக்கு நேரே கையெழுத்துப் போட்டு வாங்கிப் போவார்கள். அந்த அட்டையில் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு கட்டம் உண்டு. கடன் நாள்தோறும் வசூலாகும்போது கடையும் நாள்தோறும் திறந்துதான் ஆக வேண்டும். வட்டி விகிதத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். தவணை எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பது ஒருவரின் ஓய்வைத் தீர்மானிக்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை. 2020இல் சாலையோர வியாபாரிகளுக்காக வந்த ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடன் தொகையும் அப்போது இதே பத்தாயிரம்தான். திருப்பிக் கட்டுவது மாதா மாதம், பன்னிரண்டு தவணை. தண்டலை விட்டு இதற்கு மாறிய ஒருவருக்கு, வட்டி மிச்சத்தோடு, நினைத்தால் ஒரு நாள் கடையை மூடும் சுதந்திரமும் கிடைக்கிறது. வங்கிகள் இதைத் தங்கள் கடமையாக எண்ணிச் செய்ய வேண்டும்.

வரிக் கணக்கைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2017 ஜூலைக்குப் பிறகு மாதம் பதினொன்றும் இருபதும் ஜிஎஸ்டி தேதிகளாகப் பல கடைக்காரர்களின் இரவைத் தின்றன. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை விற்பவர்களுக்குக் காலாண்டுக்கு ஒரு முறை வரி கட்டும் இணக்க முறை இருக்கிறது. அது பொருந்துமா என்று தணிக்கையாளரிடம் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

குடும்பத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைக்காரரின் நூற்றைந்து மணி நேரம் வெளியே தெரிகிறது. அவர் மதியம் தூங்கும்போது கல்லாவில் உட்காரும் மனைவியின் நேரம் எந்த ஏட்டிலும் இல்லை. தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்பு இவர்களைக் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாத உதவியாளர் என்று வகைப்படுத்துகிறது. 2022-23 கணக்குப்படி நாட்டின் உழைப்பாளர்களில் 18.3 சதவீதம் பேர் இந்த வகை. 2019இல் நடந்த, நாடு தழுவிய முதல் நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்த ஆண்கள் 97 நிமிடம். இந்த ஐந்து மணி நேரத்தை முடித்துவிட்டுத்தான் அந்தப் பெண் கல்லாவுக்கு வருகிறார். கடையே பெண்ணுடையதாக இருந்தால் நிலைமை இன்னும் கடினம். இட்லிக் கடை நடத்தும் அக்கா விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறார், பத்தரைக்கு வியாபாரம் முடிந்து பாத்திரம் கழுவுகிறார், மதியம் வீட்டுச் சமையல், மாலை அரிசி உளுந்து ஊறப்போட்டு ஆட்டுகிறார். அவருக்கு வேலை நேரம் என்று தனியாக எதைச் சொல்வது? சிறுதொழில் செய்பவரின் ஓய்வைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த இடத்தில் தொடங்காவிட்டால் ஆண் கடைக்காரருக்குக் கிடைக்கும் ஒரு நாள் விடுமுறை, பெண்ணின் தலையில் இன்னொரு நாள் சமையலாகத்தான் முடியும்.

பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் குடும்பத் தொழிலுக்குப் பிள்ளைகள் உதவலாம் என்று இடம் விட்டது. கல்லாவுக்குப் பக்கத்தில் அட்டைப் பெட்டி மேல் நோட்டை விரித்து வீட்டுப்பாடம் எழுதும் சிறுமியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கணக்கும் மனிதர்களும் அங்கே அவளுக்குப் பழக்கமாவது உண்மை. அப்பாவோடு இருக்க அவளுக்குக் கிடைத்த ஒரே இடமும் அதுதான். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்கள் படித்து வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். தான் பட்ட பாட்டைப் பிள்ளை படக் கூடாது என்று பெற்றவர்களே சொல்லி அனுப்புகிறார்கள். தென் மாவட்டங்களிலிருந்து வந்து சென்னையில் தெருவுக்குத் தெரு அண்ணாச்சி கடை கண்ட தலைமுறை, தன் வாரிசுக்கு அந்தக் கடையைத் தர விரும்பவில்லை. ஆன்லைன் வியாபாரத்துக்குப் பயந்து கடைகள் மூடுவதாகப் பேசுகிறோம். இந்த நேரச் சுமையும் கடைகளை மூடுகிறது.

யுபிஐயால் நிலைமை மாறியதா? கொஞ்சம். ஆளை நம்பிக் கல்லாவை ஒப்படைக்க முடியாது என்பதுதான் கடைக்காரரைக் கட்டிப்போட்ட முதல் கயிறு. இன்று பாதிப் பணம் நேரே கணக்குக்குப் போவதால், வேலைக்கு இருக்கும் தம்பியிடம் கடையை விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் வெளியே போக முடிகிறது. அதே போன் வாட்ஸப்பில் சரக்குப் பட்டியலை இரவு பதினொன்றுக்கும் கொண்டுவந்து சேர்க்கிறது. பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வரும் டெலிவரி, இரவுக் கடையின் போட்டியை இன்னும் நீட்டியிருக்கிறது.

உடம்பு என்ன ஆகிறது என்பதற்குத் தனி ஆய்வு தேவையில்லை. நின்றுகொண்டே இருப்பதால் காலில் நரம்பு சுருண்டவர், நேரம் தவறிச் சாப்பிட்டுச் சர்க்கரை ஏறியவர், தண்ணீர் குறைவாகக் குடித்தே சிறுநீரகக் கல் வந்தவர் என்று கடைத் தெருவில் நடந்தாலே தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. வீடு தேடி வரும் அந்த நேரத்தில் கடைக்காரர் கடையில் இருக்கிறார். ஒரு நாள் அந்தத் திட்டத்தின் ஊழியர்கள் கடைத் தெருவைத் தேடி வந்தால் எத்தனையோ பேருக்கு உதவும்.

வெளிநாடுகள் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டன? நான்கு அனுபவங்கள் நமக்குப் பாடமாகும்.

ஜெர்மனி 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் கடைகளின் அடைப்பு நேரத்தை நாடு முழுக்க ஒன்றாக்கியது. பின்னாளில் வார நாள்களில் தளர்வு வந்தும் ஞாயிறு ஓய்வு நிற்கிறது. 2009இல் அதன் அரசமைப்பு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. போலந்து 2018இல் ஞாயிறு வியாபாரத்தைத் தடை செய்தபோது, கடை உரிமையாளர் தானே கல்லாவில் நின்றால் திறக்கலாம் என்று விலக்கு வைத்தது. சிறு கடைக்கு உதவி என்று நினைத்துச் செய்த ஏற்பாடு. பெரிய கடை ஊழியர் ஞாயிறு வீட்டில் இருக்க, சிறு கடைக்காரர் வேலைக்கு வர அது வழி செய்தது. ஜப்பானில் 1970களின் நடுவிலிருந்து 24 மணி நேரக் கடைகள் பெருகின. ஒசாகா அருகே மனைவியை இழந்த ஒரு செவன்-இலெவன் கடைக்காரர், ஆள் கிடைக்காமல் 2019 பிப்ரவரியில் இரவு சில மணி நேரம் கடையை மூடினார். பெருந்தொகை அபராதம் என்று நிறுவனம் எச்சரித்தது, ஆண்டு முடிவில் ஒப்பந்தம் ரத்தானது. வாடிக்கையாளர் புகார்களே காரணம் என்ற நிறுவனத்தின் வாதத்தை 2022இல் நீதிமன்றமும் ஏற்றது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி நாடு முழுக்கப் பரவி, 24 மணி நேரத் திறப்பைக் கடைக்காரர் மீது திணிப்பது போட்டிச் சட்டத்துக்கு முரணாகலாம் என்று ஜப்பானின் நியாய வணிக ஆணையம் 2020இல் சொல்லும் நிலை வந்தது.

என்னை மிகவும் ஈர்த்தது பின்லாந்து. அங்கே மாடு வளர்க்கும் விவசாயிக்கு, 1970களில் வந்த சட்டத்தால், ஆண்டு விடுப்பு உண்டு. இப்போது அது 26 நாள். பால் கறக்கும் வேலையை ஒரு நாளும் நிறுத்த முடியாது என்பதால், பயிற்சி பெற்ற மாற்று ஆளைப் பொதுச் செலவில் அனுப்புகிறார்கள். சுயதொழில் செய்பவருக்கும் விடுப்பு எடுக்கும் உரிமை உண்டு, அதற்கு வழி செய்வது சமூகத்தின் பொறுப்பு என்று ஒரு நாடு முடிவெடுத்து ஐம்பது ஆண்டு ஆகிறது.

நம் ஊரில் இது புதிய சிந்தனை என்று எண்ண வேண்டாம். சலூன் செவ்வாய்க்கிழமை திறக்காது என்பது தமிழ்நாட்டில் வழிவழியாக வந்த ஏற்பாடு. பல ஊர்களில் நெசவாளருக்கும் பொற்கொல்லருக்கும் அமாவாசை ஓய்வு நாள். எல்லாக் கடையும் சேர்ந்து மூடியதால் யாருடைய வாடிக்கையாளரும் யாரிடமும் போகவில்லை. முடி வெட்ட நினைத்தவர் புதன்கிழமை வந்தார். விருதுநகர், சிவகாசிப் பக்கம் வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பள்ளிக்கூடமே கட்டினார்கள். பொதுக் காரியத்துக்கு ஒவ்வொரு மூட்டையிலும் பங்கு ஒதுக்கிய சமூகம் இது. ஒவ்வொரு வாரத்திலும் சில மணி நேரம் ஒதுக்க அதனால் முடியாதா?

கொரோனா ஊரடங்கு ஒரு செய்தியைக் காட்டிக்கொடுத்தது. 2020 மார்ச் கடைசியில் மளிகைக் கடைகள் பகல் இரண்டரை மணியோடும், ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு மணியோடும் மூடின. இரவு பத்து மணிக்குப் பால் கேட்டவர்கள் காலை பதினொன்றுக்கு வரிசையில் வந்து வாங்கினார்கள். மக்களுக்கு இரவுக் கடை இல்லாமல் முடியாது என்பது அவ்வளவு உறுதியான உண்மை இல்லை என்று அப்போது தெரிந்தது. அதே ஊரடங்கில்தான், 2020 ஜூன் 19 அன்று, கடையை நேரம் கடந்து திறந்திருந்தார்கள் என்ற பேரில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் அடைக்கப்பட்டுத் தாக்கப்பட்டு, அடுத்த சில நாள்களில் உயிரிழந்தார்கள். அதை மறக்கக் கூடாது. கடை அடைக்கும் நேரத்தை லத்தியின் கையில் கொடுக்கவே கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அடைப்பு நேரம் வணிகர் சங்கத்தின் முடிவாக, தெருவின் ஒப்பந்தமாக வர வேண்டும்.

மாற்றுக் கருத்து உண்டு. எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பது என் உரிமை, அதற்காகத்தானே பிறரிடம் வேலைக்குப் போகாமல் கடை வைத்தேன் என்பார் ஒருவர். இரவுப் பணி முடிந்து வரும் செவிலியருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் டீக்கடை வேண்டும் என்பார் இன்னொருவர். கடை பலருக்கு நட்பும் மதிப்புமான இடம், வீட்டில் உட்கார்ந்தால் அவர்களுக்குத்தான் மூச்சு முட்டும் என்பதையும் கண்டிருக்கிறேன். இவற்றுள் இரண்டாவது வாதத்துக்குத் தெரு தோறும் முறை வைத்து ஒரு கடை திறந்திருக்கும் ஏற்பாடு விடையாகும். மருந்துக் கடைகளுக்கு அதுவே பொருந்தும். முதல் வாதத்தில் பாதி உண்மைதான் இருக்கிறது. எதிர்க் கடை திறந்திருப்பதால் திறந்து வைப்பவர் தன் விருப்பப்படி திறந்து வைக்கவில்லை.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. 1989 முதல் தமிழ்நாட்டில் வணிகர் நல வாரியம் இருக்கிறது. உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குத் தரும் நிதியையும் உயர்த்தினார்கள். இறந்த பின் தருவதோடு, உயிரோடு இருக்கும்போது ஓய்வுக்கும் ஏதாவது செய்யலாம். அறுவை சிகிச்சை, மகப்பேறு, சாவு, திருமணம் என்று கடையை விட்டுப் போகும் நாள்களுக்கு, பயிற்சி பெற்ற மாற்று ஆளுக்கான கூலியில் ஒரு பங்கை வாரியம் ஏற்கலாம். ஆட்களை மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்தே எடுக்கலாம். வங்கிகள் தண்டலுக்குப் பதிலாக மாதத் தவணைக் கடனைக் கடைத் தெருவுக்கே கொண்டுவரலாம். ஓய்வூதியத்தின் வயது வரம்பைத் தளர்த்தலாம்.

ஆனால் முதல் அடி வணிகர் சங்கங்களுடையது. ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்தில் கடையடைத்து மாநாடு கூடுகிறீர்கள். ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து மூட முடியும் என்று நீங்களே காட்டியிருக்கிறீர்கள். அடுத்த மே 5 மாநாட்டில், ஜிஎஸ்டியோடும் ஆன்லைன் வணிகத்தோடும் சேர்த்து, ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மேல் கடையடைப்பு, மற்ற நாள்களில் இரவு ஒன்பதரை என்ற தீர்மானத்தையும் கொண்டுவாருங்கள். முதலில் ஒரு கடைத் தெருவில் மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். தெருக்காரர்களாகிய நாம் ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியதைக் காலையிலேயே வாங்கிவிடுவோம்.